ஒரு சொட்டுப் பாலும் நானூறு ஃபிரேம்களும்

ஒரு தட்டில் பாலை மெல்லியதாகப் பரப்பிவிட்டு, அதன்மேல் 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இங்க் ஃபில்லரால் ஒரு சொட்டுப் பாலை விடுங்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரு சின்னத் தெறிப்பு. அந்தத் தெறிப்புக்குள் ஒரு கிரீடம் எழும்புகிறது. அதன் விளிம்பில் முத்து முத்தாகத் துளிகள் பிரிகின்றன. பிறகு எல்லாம் சரிந்து அடங்கிவிடுகிறது. நொடியின் நூறில் சில பங்குக்குள் நடந்து முடியும் கதை இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930களிலேயே இந்தக் கிரீடத்தைத் தேடத் தொடங்கினார். 1957இல் அவர் வண்ணத்தில் பிடித்த பால்துளிக் கிரீடம், அறிவியல் படங்களில் மிகவும் புகழ்பெற்ற ஒன்று. மின்னல் வேகத்தில் மின்னி மறையும் ஃபிளாஷ் ஒளியில், ஒரே ஒரு கணத்தை அவர் உறைய வைத்தார்.

இன்று அதே கிரீடம் எழுந்து விழுவதை முழுவதுமாகப் பார்க்கலாம். சினிமாக்காரர்களுக்கு ஹை-ஸ்பீட் என்றாலே ஃபேண்டம்தான். விஷன் ரிசர்ச் நிறுவனம் 2013இல் கொண்டுவந்த ஃபேண்டம் ஃபிளெக்ஸ் 4கே, 4கே என்ற பெரிய பட அளவிலேயே வினாடிக்குச் சுமார் 1,000 படங்கள் எடுத்தது. இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறிய ஒரு கேமரா. கனடாவின் குரோன் டெக்னாலஜீஸ் 2016இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக முன்பணம் திரட்டி உருவாக்கிய குரோனோஸ் 1.4 அது. கல்லூரிப் பரிசோதனைக் கூடங்களையும் தனி மனிதர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. அதன் கணக்குகள் எளியவை. அதில் கற்றுக்கொள்வது எந்த ஹை-ஸ்பீட் கேமராவுக்கும் பொருந்தும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். குரோனோஸின் ஒரு படத்தில் 1,280க்கு 1,024, அதாவது 13 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 12 பிட். ஆக ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 2 எம்.பி. வினாடிக்கு 1,069 ஃபிரேம்கள் என்றால், ஒவ்வொரு வினாடியும் 2.1 ஜி.பி. கொட்டுகிறது. இந்தக் கேமராவில் போடும் மெமரி கார்டு இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால் கேமரா தன் ரேம் நினைவகத்திலேயே எழுதுகிறது. கடைசி வரை எழுதியதும் மறுபடி தொடக்கத்துக்குப் போய், பழையதன்மேல் புதியதை எழுதுகிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். பால்துளி விழுந்த பிறகு, சாவதானமாகப் பட்டனை அழுத்தினால் போதும். நடந்து முடிந்தது நினைவகத்தில் இருக்கும். 32 ஜி.பி. ரேம் கொண்ட கேமராவில் கடந்த 16 வினாடிகள், அதாவது 17,000 ஃபிரேம்கள், எப்போதும் கையிருப்பில் உண்டு.

ஃபிலிம் காலத்து ஹை-ஸ்பீட் கேமராக்காரர்கள் இதைக் கேட்டால் நம்பியிருக்க மாட்டார்கள். 100 அடி நீளமுள்ள 16 மி.மீ. சுருளில் மொத்தமே 4,000 படங்கள். சுருள் வேகமெடுக்கும்போதே அதில் பெரும்பகுதி ஓடிவிடும். சரியான தருணத்தில் நிகழ்ச்சி நடக்க வேண்டும், இல்லையென்றால் சுருளே வீண்.

ரேமின் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். கார்டுக்கு மாற்றும் வேலையும் மெதுவானது. வினாடிக்கு 30 எம்.பி. எழுதும் கார்டில் 32 ஜி.பி.யையும் இறக்கப் பத்தொன்பது நிமிடம் ஆகும். 16 வினாடிக்குப் பத்தொன்பது நிமிடம்! கார்டு பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் இன்னொரு முட்டுக்கட்டை: அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் அது 2,184 ஃபிரேம், இரண்டே வினாடி. ஆகவே கேமராவிலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, வேண்டிய பகுதிக்கு மட்டும் குறியிட்டுச் சேமிக்க வேண்டும். பால்துளிக்கு 400 ஃபிரேம் தாராளம். உண்மையில் அந்த 400 ஃபிரேம் 0.37 வினாடிதான். வினாடிக்கு 24 ஃபிரேமாகத் திரையில் ஓட்டினால் கிட்டத்தட்ட 17 வினாடி.

இந்த இடத்தில் கேமரா ஒரு கேள்வி கேட்கும்: ஹெச்.264 வீடியோவாகவா, ரா கோப்பாகவா? முன்னது சிறியது, எந்த ஃபோனிலும் ஓடும். அவசரமாக ஒருவருக்குக் காட்ட அது போதும். எடிட் செய்து கலர் கிரேடிங்குக்குப் போகும் ஷாட் என்றால், அதிலும் பால் போன்ற வெள்ளைப் பொருள் என்றால், ரா தவிர வேறு எதையும் நான் ஏற்க மாட்டேன். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்த அத்தியாயமே.

ரா கோப்பு இன்னும் படமாகவில்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று அளந்து எழுதிய எண்களின் வரிசை அது. குரோனோஸ் தரும் மிக எளிய வகை ரா கோப்பில் வேறு எதுவுமே கிடையாது. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எந்த எண் சிவப்பு, எது நீலம் என்ற விவரம் எதுவும் கோப்புக்குள் இல்லை. முகவரி எழுதாத மூட்டை. ஃபேண்டத்தின் சினே கோப்பு இதற்கு நேர்மாறு. படப்பிடிப்பு வேகம், எக்ஸ்போஷர், ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கப்பட்ட நேரம் என்று எல்லாவற்றையும் தலைப்பகுதியில் எழுதி வைத்துவிடும்.

ராவை மாற்றுவது என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. அரிசியைச் சாக்கிலிருந்து டின்னுக்கு மாற்றுவது ஒன்று. உலையில் போட்டுச் சோறாக்குவது இன்னொன்று. முதலாவதில் அரிசி அரிசியாகவே இருக்கும். இரண்டாவதுக்குப் பிறகு அரிசியைத் திரும்பப் பெற முடியாது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல், கிடைத்த மென்பொருளில் கோப்பைப் போட்டு வந்ததை எடுத்துக்கொள்வதால்தான் அருமையான ஷாட்டுகள் பாழாகின்றன.

முதலில் டின் மாற்றும் வேலை. அதற்கு ஏற்ற டின் டி.என்.ஜி. அடோபி நிறுவனம் 2004இல் ரா படங்களுக்குப் பொதுவான வடிவமாக இதை வெளியிட்டது. நகரும் படங்களுக்கான சினிமா டி.என்.ஜி. முயற்சியை 2008இல் அறிவித்தது. ஒரு ஃபிரேமுக்கு ஒரு கோப்பு. நம் ஷாட்டுக்கு 400 கோப்புகள் ஒரு ஃபோல்டரில். எண்கள் அப்படியே இருக்கும். கூடவே அகலம், உயரம், கறுப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது, வெள்ளை எங்கே முடிகிறது, வண்ணப் புள்ளிகளின் அடுக்கு என்ன என்று சீட்டு ஒட்டியிருக்கும். டாவின்ச்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் அந்தச் சீட்டைப் படித்துப் படத்தைத் திறந்துவிடும்.

டின் மாற்றும்போதே தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. கணினி எண்ணுவது 8 பிட் கொண்ட பைட்டுகளில். நம் பிக்சலோ 12 பிட். இடம் வீணாகாமலிருக்க, இரண்டு பிக்சல்களை மூன்று பைட்டுகளில் நெருக்கி அடைத்திருப்பார்கள். நடு பைட்டில் பாதி இந்தப் பிக்சலுக்கு, பாதி அடுத்ததற்கு. எந்தப் பாதி யாருக்கு என்பதை மாற்றிப் படித்தால், பால்துளி இருக்க வேண்டிய இடத்தில் குப்பையான புள்ளிகள் தெரியும். பெரிய முனை முதலிலா, சிறிய முனை முதலிலா என்ற இந்தச் சண்டைக்குக் கணினி உலகில் வைத்த பெயரே கலிவரின் பயணங்களிலிருந்து வந்தது. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று அதில் இரண்டு நாட்டார் சண்டை போடுவார்கள் அல்லவா? கணினி அறிஞர் டேனி கோஹன் 1980இல் எழுதிய குறிப்பில் அதை எடுத்தாண்டார். படம் கலைந்து தெரிந்தால் ஷாட் போய்விட்டதென்று கோப்பை அழித்துவிடாதீர்கள். எண்கள் பத்திரமாக இருக்கின்றன. படித்த முறைதான் தவறு.

இனி உலை வைக்கும் வேலை. இதில் வரிசை முக்கியம். தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் முன் கறிவேப்பிலையைப் போட்டாலும் ஏதோ ஒரு குழம்பு வந்துவிடும். இங்கே அந்தச் சலுகை இல்லை.

முதல் படி கறுப்பைக் கழிப்பது. லென்ஸை மூடிவிட்டாலும் சென்சார் பூஜ்யம் என்று சொல்லாது. ஏதோ ஒரு சிறு எண்ணைச் சொல்லும். ஹை-ஸ்பீட் சென்சாரில் இந்தத் தொல்லை பெரிது. வேகத்துக்காக ஏராளமான நெடுவரிசைகளை ஒரே சமயத்தில் வெவ்வேறு சுற்றுகள் அளந்து தள்ளுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் தன் சொந்தச் சறுக்கல் உண்டு. அதனால் இருட்டான பகுதியில் மழைக்கோடு போலச் செங்குத்துக் கோடுகள் தெரியும். சென்சார் சூடாகச் சூடாக அந்தக் கோடுகளின் அளவும் மாறும். இதற்கு மருந்து, படமெடுப்பதற்குச் சற்று முன்பு லென்ஸை மூடிக் கறுப்புப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வது. பின்னர் ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் அதைப் பிக்சல் பிக்சலாகக் கழித்தால் கோடுகள் மறைந்துவிடும்.

கழிக்க மறந்தால் என்ன ஆகும்? அடுத்த படியில் நிறச் சமன் செய்வோம். சென்சார் பச்சைக்குக் கூடுதலாகவும் சிவப்பு, நீலத்துக்குக் குறைவாகவும் இசையும். அதனால் சிவப்பையும் நீலத்தையும் ஏதோ ஒரு மடங்கு பெருக்கி வெள்ளையை வெள்ளையாக்குகிறோம். கறுப்பைக் கழிக்காமல் பெருக்கினால், அந்தப் பொய்யான சிறு எண்ணும் சேர்ந்து பெருகும். சிவப்பிலும் நீலத்திலும் மட்டும் பெருகும். நிழலெல்லாம் மெஜந்தா பூசியதுபோல் ஆகிவிடும். இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். கிரேடிங்கில் நிழலிலிருந்து மெஜந்தாவை எடுக்க எடுக்க, நடுத்தர வெளிச்சத்தில் பச்சை ஏறியது. ஒரு மாலை முழுதும் போராடிய பிறகுதான் நோய் கிரேடிங்கில் இல்லை, அதற்கு நான்கு படி முன்னால் இருக்கிறதென்று புரிந்தது.

அடுத்தது புள்ளிக்கோலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடு இது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி. நான்கு பிக்சல் கொண்ட சதுரத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒளியின் நுணுக்கத்தை மனிதக் கண் பெரும்பாலும் பச்சையின் வழியாகவே உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளந்திருக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். கோலத்தில் புள்ளிகளுக்கு நடுவே இழை இழுப்பதைப் போன்றது. வண்ணப் படம் ஒன்றில் நாம் பார்க்கும் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்தான் என்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த ஊகம் இவ்வளவு நன்றாக வேலை செய்வது அதைவிட வியப்பு.

ஊகம் தடுமாறும் இடம் எதுவென்றால், கரிய பின்னணியில் ஒன்றிரண்டு பிக்சல் அளவே உள்ள வெள்ளைத் துளி. நம் கிரீடத்தின் விளிம்பில் பிரியும் முத்துகள் அப்படித்தான். எளிய முறையில் நிரப்பினால் அவற்றைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாகப் பொய் நிறம் மின்னும். நல்ல முறை விளிம்பு எந்தத் திசையில் போகிறதென்று பார்த்து, அதன் போக்கிலேயே நிரப்பும். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இன்னொரு பிசகும் ஹை-ஸ்பீட் கேமராவுக்கே உரியது. வேகத்தைக் கூட்டப் படத்தின் உயரத்தைக் குறைப்பது வழக்கம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிசைகள் வெட்டுப்பட்டால் கோலமே ஒரு புள்ளி தள்ளிப்போகும். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீலம், சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. படம் முழுதும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அடுக்கை மாற்றிப் பாருங்கள். நான்கே வாய்ப்புகள்தான், ஒன்று சரியாக இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு திரையில் பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். எக்ஸ்போஷர் குறைவென்று நினைக்கத் தோன்றும். உண்மையிலேயே வெளிச்சம் குறைவாக இருந்திருக்கவும் கூடும். துளி பால்பரப்பைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 2.8 மீட்டர். மங்கலில்லாமல் பிடிக்க 10,000இல் ஒரு பங்கு நொடிதான் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதற்குள்ளேயே துளி கால் மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சாதாரண சினிமா ஷாட்டில் ஷட்டர் திறந்திருப்பது 48இல் ஒரு பங்கு நொடி. அதைவிட 200 மடங்கு குறைவான ஒளி. ஆனால் ரா இருண்டு தெரிவதற்கு அடிப்படைக் காரணம் வேறு. சென்சார் ஒளியை நேர்கணக்காக எண்ணுகிறது: ஒளி இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்கு. நம் கண் அப்படி எண்ணுவதில்லை. ஒளி ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒரு படி ஏறியதாக உணர்கிறது. ஒளிப்பதிவாளர்கள் ஸ்டாப் என்று சொல்வது அந்தப் படியைத்தான்.

12 பிட்டில் மொத்தம் 4,096 எண்கள். மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே அவற்றில் பாதி, 2,048 போய்விடுகிறது. அடுத்ததற்கு 1,024. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து, ஆறாவது ஸ்டாப்பில் 64 எண்களே மிஞ்சும். பாலின் வெண்மையில் உள்ள மென்மையான ஏற்ற இறக்கமெல்லாம் மேல் ஸ்டாப்புகளில் செழிப்பாக இருக்கிறது. கிரீடத்தின் உட்சுவர் நிழல் கீழே வறுமையில் கிடக்கிறது. இதை நேர்கணக்காகவே 8 பிட்டுக்குச் சுருக்கினால் ஒவ்வொரு எண்ணையும் 16ஆல் வகுக்க வேண்டும். ஆறாவது ஸ்டாப்பின் 64 எண்கள் வெறும் 4 ஆகிவிடும். நிழல் வழுக்கி இறங்க வேண்டிய இடத்தில் நான்கு படிக்கட்டுகள் தெரியும். கலரிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் படிக்கட்டை வழவழப்பாக்க முடியாது.

இதற்கு வழி லாக் வளைவு. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கும் கணக்கு இது. ஃபிலிம் நெகடிவின் அடர்த்தி ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதால், 1990களின் தொடக்கத்தில் கோடாக்கின் சினியான் முறை நெகடிவை ஸ்கேன் செய்ய 10 பிட் லாக்கைப் பயன்படுத்தியது. தமிழ்த் திரையுலகில் இன்றும் கலர் கிரேடிங்கை டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்று சொல்வது அந்த ஸ்கேன் காலத்தின் மிச்சம்; நெகடிவ் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. டி.என்.ஜி. கோப்பை ரிசால்வில் நேரடியாகத் திறந்தால் இந்த வளைவை எப்போது, எப்படிப் போடுவதென்பது கடைசி வரை உங்கள் கையில். எடிட்டிங் கணினி ராவைத் தாங்காது என்றால் புரோரெஸுக்கு மாற்றலாம். அப்போதும் லாக்கில் வைத்தே மாற்றுங்கள். புரோரெஸ் 422 ஹெச்.க்யூ. 10 பிட் பெரும்பாலான வேலைக்குப் போதும். பால் மாதிரி வெள்ளைக்குள் வெள்ளை தேடும் ஷாட்டுக்கு 12 பிட் தாங்கும் புரோரெஸ் 4444தான் என் தேர்வு.

நிறத்தைப் போலவே காலத்தையும் மாற்ற வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. கோப்பில் 1,069 ஃபிரேம் வேகம் என்று எழுதியிருந்தால், எடிட்டிங் மென்பொருள் அதை நிஜ வேகத்தில் ஓட்டிக்காட்ட 44 ஃபிரேமில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். பிறகு அதை மெதுவாக்கச் சொன்னால், இல்லாத ஃபிரேமைக் கலந்து கலந்து உருவாக்கும் மென்பொருளும் உண்டு. ஒவ்வொன்றாக அளந்தெடுத்த 400 ஃபிரேம் கையில் இருக்க, கலப்படம் எதற்கு? எடிட் தொடங்கும் முன், கிளிப்பின் பண்புகளில் வேகத்தை 24 என்றோ 25 என்றோ மாற்றிவிடுங்கள்.

காலம் விரிந்தால் விளக்குகளின் ரகசியமும் வெளிவரும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. குரோனோஸுக்கு ஒவ்வொரு பத்தரைச் சொச்சம் ஃபிரேமுக்கும் ஒரு துடிப்பு. 24இல் ஓட்டினால் திரையில் வினாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் பால் மங்கிப் பளிச்சிடும். ஃபிளிக்கரை நீக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது. ஃபிரேம்களின் சராசரி ஒளியைப் பார்த்துச் சமன் செய்யும். துடிப்பின் உச்சத்தில் பால் 4,095ஐத் தொட்டு வெளுத்துவிட்ட ஃபிரேம்களை அதனால் மீட்க முடியாது. பேட்டரியில் எரியும், துடிப்பில்லாத எல்.இ.டி. விளக்குதான் சரியான தீர்வு. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது துடிப்பைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் சரிசெய்ய ஐந்து மணி நேரமும் போதாது.

வேலையெல்லாம் முடிந்த பிறகு, நானூறு ஃபிரேமின் மூல ரா கோப்பு 786 எம்.பி. மட்டுமே. ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும். எட்ஜர்டனின் நெகடிவைப் போல அதைப் பத்திரப்படுத்துங்கள். புள்ளிகளுக்கிடையே நிரப்பும் முறைகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன, இதே எண்களிலிருந்து நாளை இன்னும் தெளிவான கிரீடத்தை எடுக்கலாம். எடிட்டருக்கோ கலரிஸ்டுக்கோ அந்த ஃபோல்டரை அனுப்பும்போது, லென்ஸை மூடி எடுத்த கறுப்புப் படத்தையும் மறக்காமல் உள்ளே வையுங்கள். அன்றைய சூட்டில் அந்தச் சென்சார் எப்படி இருந்தது என்பதற்கு வேறு பதிவு கிடையாது.